மாதாமாதம் போடும் பணமும் ‘தகவல் போதுமா’ கணக்கும்

கேள்வி: காட்பாடியில் இருந்துகொண்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். டேட்டா சஃபிஷியன்சியில், அதாவது கொடுத்த இரண்டு கூற்றில் எது விடைக்குப் போதும் என்று மட்டும் குறிக்கும் வகையில், மாதச் சேமிப்பு பற்றிய கணக்கு வந்தால் விடை கண்டுபிடித்துவிடுகிறேன், ஆனால் குறிக்கும் ஆப்ஷன் தப்பாகிவிடுகிறது. கீழே உள்ள கணக்குக்கு ‘கூற்று 2 மட்டும் போதும்’ என்று போட்டேன். விடைக்குறிப்பில் ‘இரண்டும் சேர்ந்தால்தான் போதும்’ என்று இருக்கிறது. எங்கே தவறினேன்?

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் செல்வி மாதந்தோறும் ஒரே தொகையைத் தன் கணக்கில் போடுகிறாள். இடையில் பணம் எடுப்பதில்லை. வட்டியைக் கணக்கில் கொள்ள வேண்டாம். டிசம்பர் கடைசியில் அவள் கணக்கில் எவ்வளவு இருக்கும்?
கூற்று 1: அதே ஆண்டு மே கடைசியில் கணக்கில் 9,500 ரூபாய் இருந்தது.
கூற்று 2: மே கடைசியில் இருந்ததைவிட ஆகஸ்ட் கடைசியில் 4,500 ரூபாய் அதிகம் இருந்தது.

பதில்:

கூட்டல் பெருக்கலில் நீங்கள் தவறவில்லை. மூன்று மாதத்தில் 4,500 ஏறியிருக்கிறது, ஆகவே மாதம் 1,500. அதைப் பன்னிரண்டால் பெருக்கி 18,000 என்று போட்டிருப்பீர்கள். அந்தப் பெருக்கலுக்குள் கணக்கு சொல்லாத ஒன்று நுழைந்துவிட்டது. ஜனவரியில்தான் செல்வி கணக்கு தொடங்கினாள், அதற்கு முன் அதில் ஒரு பைசாவும் இல்லை என்று நீங்களே வைத்துக்கொண்டீர்கள். மே கடைசியில் 9,500 இருந்தது என்றால், அந்த ஆண்டின் ஐந்து தவணை 7,500 போக 2,000 ரூபாய் முன்பே கிடந்திருக்கிறது. டிசம்பர் கடைசியில் இருக்கப்போவது 9,500-உம் அடுத்த ஏழு தவணை 10,500-உம் சேர்ந்து 20,000. அந்த 2,000 உங்கள் 18,000-இல் எங்கும் இல்லை.

இந்தத் தப்பைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. அதே அனுமானத்தைக் கூற்று 1-க்கும் போட்டுப் பாருங்கள். 9,500-ஐ ஐந்தால் வகுத்தால் மாதம் 1,900, ஆண்டுக்கு 22,800. ஒரு கூற்று 22,800 என்கிறது, இன்னொன்று 18,000 என்கிறது. ஒழுங்காகத் தயாரித்த தாளில் இரண்டு கூற்றும் ஒரே செல்வியைப் பற்றியவை, இரண்டும் உண்மை. தனித்தனியாக இரண்டிலிருந்தும் விடை வந்தால் அது ஒரே விடையாகத்தான் இருக்க வேண்டும். வேறு வேறாக வந்தால் கணக்கில் இல்லாத ஒன்றை நீங்கள் உள்ளே கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தேர்வு அறையில் இதற்கு ஐந்து நொடிக்கு மேல் ஆகாது.

மாதம் ஒரே தொகை போடுகிற எந்தக் கணக்கும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்: இருப்பு = தொடக்க இருப்பு + மாதத் தொகை × மாதங்கள். வரைபடத் தாளில் போட்டால் நேர்கோடு. ஒரு புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல முடியாது, ஆகவே ஒரே ஒரு மாதத்தின் இருப்பு மட்டும் தெரிந்தால் போதாது. தொடக்கம் பூஜ்யம் என்று கணக்கே சொன்னால் அதுவே ஒரு புள்ளி, அப்போது இன்னொன்று போதும். இரண்டு மாதங்களின் வித்தியாசம் மட்டும் கொடுத்தால் சரிவு, அதாவது மாதத் தொகை, கிடைக்கும். கோடு எந்த உயரத்தில் போகிறது என்பது கிடைக்காது. உங்கள் கணக்கில் கூற்று 1 உயரம், கூற்று 2 சரிவு. கேட்டது டிசம்பரின் உயரம், ஆகவே இரண்டும் வேண்டும்.

இதே இரண்டு கூற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, கேள்வியை மட்டும் ‘இந்த ஆண்டில் செல்வி மொத்தம் எவ்வளவு சேமித்தாள்?’ என்று மாற்றினால் நீங்கள் போட்ட விடைதான் சரி. ஆண்டில் போட்டது பன்னிரண்டு தவணை, தொடக்க இருப்புக்கு அதில் வேலையே இல்லை. ‘கணக்கில் எவ்வளவு இருக்கும்’, ‘எவ்வளவு சேமித்தாள்’ என்ற இரண்டும் பேச்சில் ஒன்றுபோல ஒலிக்கும். தாள் தயாரிப்பவர் நம்பி இருப்பதே அதைத்தான். முதல் வேலையாகக் கேள்வியின் கடைசி வரியை அடிக்கோடிட்டு, கேட்பது இருப்பா, சேர்த்ததா, மாதத் தொகையா, மாத எண்ணிக்கையா என்று ரஃப் தாளில் ஒரு சொல்லாக எழுதிவிடுங்கள். கூற்றுகளை அதற்குப் பிறகு படித்தால் போதும்.

ஒரு கூற்று போதாது என்று தோன்றுகிறது, ஆனால் நிச்சயமில்லை என்றால், அந்தக் கூற்றுக்குப் பொருந்துகிற இரண்டு உதாரணம் தேடுங்கள். மாதம் 1,000, முன்னிருப்பு 4,500 என்றால் மே கடைசியில் 9,500, டிசம்பரில் 16,500. மாதம் 1,500, முன்னிருப்பு 2,000 என்றாலும் மே கடைசியில் 9,500, ஆனால் டிசம்பரில் 20,000. கூற்று 1-க்கு இரண்டும் பொருந்துகின்றன, விடை இரண்டாகிறது, ஆகவே கூற்று 1 போதாது. முக்கியம்: கூற்று 2-ஐ எடைபோடும்போது கூற்று 1-இல் படித்த 9,500-ஐக் கையால் மூடிக்கொள்ளுங்கள், நிஜமாகவே. ஒருமுறை படித்த எண் மூளையில் ஒட்டிக்கொள்ளும், இரண்டாம் கூற்று தனியாகவே போதும் என்று தோன்ற வைக்கும்.

பல பயிற்சி வகுப்புகளில் ‘தெரியாதவை எத்தனை, சமன்பாடு எத்தனை, எண்ணிப் பார்’ என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். சேமிப்புக் கணக்கில் அதை நம்பினால் மூன்று விதமாக அடி விழும்.

முதல் விதம், சமன்பாடு குறைவாகத் தெரியும், ஆனால் போதும். ஆரணியில் அக்கா, தங்கை இருவர் பட்டு நெய்கிறார்கள். அக்காவின் கணக்கில் இப்போது தங்கையினுடையதைவிட 6,000 ரூபாய் அதிகம் (கூற்று 1). தங்கை மாதந்தோறும் அக்காவைவிட 300 ரூபாய் அதிகம் போடுகிறாள் (கூற்று 2). எத்தனை மாதத்தில் இருவர் இருப்பும் சமமாகும்? இருவரின் தொடக்க இருப்பு, இருவரின் மாதத் தொகை என்று தெரியாதவை நான்கு, தகவல் இரண்டுதான். எண்ணிப் பார்ப்பவர் ‘இரண்டும் சேர்ந்தாலும் போதாது’ என்று குறித்துவிடுவார். ஆனால் இடைவெளி 6,000, அது மாதம் 300 வீதம் அடைகிறது, 20 மாதத்தில் முடிந்தது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது, தெரியவும் வேண்டாம். கேட்டது வித்தியாசத்தைப் பற்றியது, கொடுத்ததும் வித்தியாசம்.

இரண்டாம் விதம், சமன்பாடு இரண்டு போலத் தெரியும், உண்மையில் ஒன்றுதான். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்பவர் சம்பளத்தில் செலவு போக மீதியைச் சேமிக்கிறார். மாதம் எவ்வளவு சேமிக்கிறார்? கூற்று 1: சேமிப்பு, செலவில் மூன்றில் ஒரு பங்கு. கூற்று 2: சேமிப்பு, சம்பளத்தில் 25 சதவீதம். செலவு மூன்று பங்கு, சேமிப்பு ஒரு பங்கு என்றால் சம்பளம் நான்கு பங்கு. நான்கில் ஒன்று 25 சதவீதம்தானே. இரண்டாம் கூற்று முதல் கூற்றின் மறுபதிப்பு, இரண்டையும் சேர்த்தாலும் ரூபாய்க் கணக்கு வராது. விகிதமும் சதவீதமும் மட்டுமே கொடுத்து ரூபாயைக் கேட்டால் எங்காவது ஒரு ரூபாய்த் தொகை வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போதாது. மாறாக, ‘சம்பளத்தில் எத்தனை சதவீதம் சேமிக்கிறார்’ என்று கேட்டுவிட்டு ‘சம்பளம் 18,000’ என்று ஒரு கூற்று கொடுத்தால், அது வெறும் அலங்காரம்.

மூன்றாம் விதம்தான் ரொம்பப் பேரைச் சாய்க்கிறது. இதில் ஒரே சமன்பாடு, தெரியாதவை இரண்டு, இருந்தும் போதும். ராணிப்பேட்டையில் ஒருவர் ஓராண்டில் சில மாதம் 700 ரூபாயும் சில மாதம் 400 ரூபாயும் சேமித்தார், சில மாதம் ஒன்றும் போடாமலும் விட்டிருக்கலாம். எத்தனை மாதம் 700 போட்டார்? கூற்று 1: ஆண்டில் மொத்தம் 6,100 சேர்ந்தது. கூற்று 2: மொத்தம் 10 மாதம் பணம் போட்டார்.

கூற்று 1-ஐ மட்டும் எடுங்கள். நூறால் வகுத்தால், ஏழின் மடங்கு ஒன்றும் நான்கின் மடங்கு ஒன்றும் சேர்ந்து 61 ஆக வேண்டும். 61-இலிருந்து நான்கு நான்காகக் கழித்துக்கொண்டே போய், மிச்சம் ஏழால் வகுபடும் இடத்தில் நில்லுங்கள். 57, 53, 49. மூன்று முறை கழித்ததும் 49, அதாவது 700 ஏழு மாதம், 400 மூன்று மாதம். தொடர்ந்து கழித்தால் அடுத்து வகுபடுவது 21, அதாவது 700 மூன்று மாதம், 400 பத்து மாதம். ஆனால் மூன்றும் பத்தும் பதின்மூன்று, ஓராண்டில் பதின்மூன்று மாதம் ஏது? ஆகவே ஏழு மாதம் என்பதே ஒரே விடை, கூற்று 1 மட்டுமே போதும். கூற்று 2 தனியாகப் போதாது. இரண்டையும் சேர்த்துப் போட்டவருக்கும் ஏழு என்றுதான் வரும், அந்த நிம்மதியில் ‘இரண்டும் தேவை’ என்று குறித்துவிடுவார். ‘சேர்ந்தால் விடை வருகிறது’ என்பதும் ‘சேர்ந்தால்தான் விடை வரும்’ என்பதும் வேறு. மாதங்கள் முழு எண்ணாகத்தான் இருக்கும், பன்னிரண்டைத் தாண்டாது என்பவை கணக்கு எழுதாமலே தருகிற தகவல்கள். 700, 400 போல ஒட்டாத இரண்டு தொகைகள் கண்ணில் பட்டால் கைவிரலில் எண்ணியாவது பார்த்துவிட வேண்டும்.

‘ஆமா, இல்லையா’ என்று கேட்கும் வகை வேறு ஜாதி. ஆற்காட்டில் ஒருவர் ஜனவரியில் புதிதாகக் கணக்கு தொடங்கி மாதம் ஒரே தொகை போட்டார். டிசம்பர் முடிவில் 30,000-க்கு மேல் சேர்ந்ததா? கூற்று 1: மாதம் 300 கூடுதலாகப் போட்டிருந்தால் 32,000-ஐத் தாண்டியிருக்கும். கூற்று 2: மாதம் 200 குறைவாகப் போட்டிருந்தாலும் 28,000-ஐத் தாண்டியிருக்கும். ‘போட்டிருந்தால்’ என்று வரும்போது வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்க மறக்கக் கூடாது. 300 என்பது ஆண்டுக்கு 3,600. ஆகவே கூற்று 1 சொல்வது, சேர்ந்தது 28,400-க்கு மேல் என்பது மட்டுமே. அது 29,000 ஆகவும் இருக்கலாம், 31,000 ஆகவும் இருக்கலாம். கூற்று 2-இல் 200 என்பது ஆண்டுக்கு 2,400, ஆகவே சேர்ந்தது 30,400-க்கு மேல். கேட்ட 30,000-ஐ அது தாண்டிவிட்டது. எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாமலே ‘ஆமா’ என்று சொல்லிவிடலாம், கூற்று 2 மட்டும் போதும்.

கூற்று 2-ஐ எடுத்துவிட்டு ‘மாதம் 100 கூடப் போட்டிருந்தாலும் 31,000-ஐத் தாண்டியிருக்காது’ என்று வைத்தால், சேர்ந்தது 29,800-க்கு மேல் போக முடியாது. விடை ‘இல்லை’ என்று உறுதியாகிறது. உறுதியான ‘இல்லை’யும் போதுமான தகவல்தான். ‘இல்லை’ என்று வந்ததுமே ‘போதாது’ என்று குறிக்கும் பழக்கம் இருந்தால், இந்த வகைக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் பயிற்சி செய்யுங்கள். கை தானாகவே அங்கே போகும், அதைத் திருப்ப நாளாகும்.

வட்டி வந்தால் பயப்பட வேண்டாம். அஞ்சலக ஆர்.டி. (மாதத் தவணைச் சேமிப்பு) ஐந்து ஆண்டு, 60 தவணை. குறைந்தது மாதம் 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்காக. 2023 அக்டோபரில் ஆண்டு வட்டி 6.7 சதவீதமாக ஆக்கப்பட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி. அந்த வட்டியில் மாதம் 100 போட்டால் முடிவில் சுமார் 7,137 ரூபாய் வரும். 1.01675-ஐ இருபது முறை தன்னோடு தானே பெருக்க வேண்டிய சமாசாரம் அது. இந்த வகைக் கணக்கில் அதைச் செய்யவே வேண்டாம். வட்டி வீதமும் காலமும் கூட்டும் முறையும் தெரிந்துவிட்டால், முதிர்வுத் தொகை மாதத் தொகையின் ஒரு குறிப்பிட்ட மடங்கு. 100-க்கு 7,137 என்றால் 200-க்கு அதில் இரண்டு பங்கு. ஆகவே இது மூன்று கால் நாற்காலி: மாதத் தொகை, காலம், வட்டி வீதம். மூன்றும் தெரிந்தால் முதிர்வு தெரியும். முதிர்வோடு இவற்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதும் தெரியும். போதுமா என்று சொல்ல அவ்வளவே வேண்டும்.

பள்ளிக் கணக்கில் தனிவட்டியாக வரும்போதும் இதே கதைதான். 24 மாத ஆர்.டி.யில் முதல் தவணை 24 மாதம் வட்டி ஈட்டுகிறது, அடுத்தது 23, கடைசித் தவணை ஒரு மாதம். எல்லாம் கூட்டினால் 300, அதாவது ஒரு தவணை 300 மாதம், 25 ஆண்டு, இருந்ததற்குச் சமம். ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் மொத்த வட்டி ஒரு தவணையின் ஒன்றரை மடங்கு. ‘வட்டி வீதம் 6’ என்று ஒரு கூற்றும், ‘கிடைத்த வட்டி மட்டும் 1,500’ என்று இன்னொரு கூற்றும் இருந்தால் தவணை 1,000, முதிர்வு 25,500. தனித்தனியாக இரண்டும் போதாது. ‘வட்டி வீதம் 6’ என்பதோடு ‘முதிர்வு, தவணையின் 25.5 மடங்கு’ என்று கொடுத்தால், அது முன்பு பார்த்த மறுபதிப்பு வித்தை. 24 தவணையும் அதன்மேல் ஒன்றரையும்தான் 25.5. புதிதாக ஒன்றுமில்லை, ரூபாய் வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேலூர்ப் பக்கம் சேமிப்பு என்றால் ஆர்.டி.யோடு சீட்டும் சேர்த்துத்தான் நினைப்போம். ஏலச்சீட்டில் கழிவு போக நாம் கட்டுவது மாதாமாதம் மாறும், ஆகவே நேர்கோட்டுக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கணக்கில் ‘சீட்டு’ என்று வந்தால் ‘மாதம் ஒரே தொகை’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள். வாரக்கூலியும் அப்படியே. பீடி சுற்றுபவர் சனிக்கிழமைதோறும் 250 ஒதுக்கினால் மாதம் 1,000 என்று வாய் சொல்லும். மாதத்துக்கு நான்கு சனியும் வரும், ஐந்தும் வரும். ஆண்டுக்கு 52 வாரம் போட்டால் 13,000, நாம் வாயால் சொன்னதோ 12,000. 28 நாள் பிப்ரவரி என்று குறிப்பிட்டால் மட்டும் நான்கு சனி என்பது உறுதி.

மாதத் தொகை சீராக ஏறும் கணக்கில் ஒரு அழகு இருக்கிறது. முதல் மாதம் ஒரு தொகை, பிறகு மாதந்தோறும் ஒரே அளவு கூட்டிக்கொண்டே 12 மாதம் போட்டால் மொத்தம் எவ்வளவு? ‘முதல் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் சேர்ந்து 3,100’ என்ற ஒரே கூற்று போதும். இரண்டும் பதினொன்றும், மூன்றும் பத்தும் என்று எந்த ஜோடியைக் கூட்டினாலும் அதே 3,100, ஆறு ஜோடி, 18,600. எவ்வளவில் தொடங்கினார், எவ்வளவு ஏற்றினார் என்பது தேவையில்லை. ஐந்தாம், எட்டாம் மாதம் சேர்ந்து 3,100 என்றாலும் போதும். ஐந்தாம், ஒன்பதாம் மாதம் என்றால் போதாது. மாத எண்கள் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 13 வந்தால் அது அந்த ஆறு ஜோடியில் ஒன்று.

கடைசியாக ஆப்ஷன். விடை சரி, குறித்தது தப்பு என்பதற்குப் பாதிக் காரணம் வரிசைதான். நம் வங்கித் தேர்வுத் தாள்களில் வழக்கமாக வரும் வரிசை: 1 மட்டும், 2 மட்டும், ஏதாவது ஒன்றே போதும், இரண்டும் சேர்ந்தாலும் போதாது, இரண்டும் சேர்ந்தால்தான் போதும். எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் மூன்றாவது ‘சேர்ந்தால் போதும்’, நான்காவது ‘ஒவ்வொன்றும் தனியாகப் போதும்’, ஐந்தாவது ‘போதாது’. 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் இந்த வகை கணிதப் பகுதியிலிருந்து டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்குப் போய்விட்டது, வரிசை மட்டும் பழையதுதான். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் கணக்குகளில் நிறைய ஜிமேட் வரிசையில் இருக்கும். அதில் பழகிவிட்டு வங்கித் தாளுக்குப் போனால், ‘சேர்ந்தால் போதும்’ என்று கண்டுபிடித்துவிட்டு மூன்றாவதைக் குறித்துவிட்டு வருவீர்கள். ஒவ்வொரு தாளிலும் அறிவுறுத்தலைப் படித்து, ரஃப் தாளின் மூலையில் ஐந்து ஆப்ஷனையும் ‘1, 2, ஏதாவது, இல்லை, சேர்ந்து’ என்று அந்தத் தாளின் வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கூற்று 1 போதும் என்றால் ‘1’, ‘ஏதாவது’ இரண்டைத் தவிர மற்றவற்றை அடியுங்கள். போதாது என்றால் அந்த இரண்டையும் அடித்துவிட்டு மீதி மூன்றோடு கூற்று 2-க்குப் போங்கள். செல்வியின் கணக்கில் கூற்று 1 போதாது, மீதி ‘2’, ‘இல்லை’, ‘சேர்ந்து’. கூற்று 2 போதாது, ‘2’ போயிற்று. 9,500-ஐ மூடியிருந்த கையை இப்போது எடுக்கலாம்.